ரெண்டு ஹெல்மெட்டும் நம்மகிட்டயே இருக்கட்டும்

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். பைக்கை வாங்குறவர் மத்தியானம் வருவார். சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. பக்கப் பெட்டி, டேங்க் பை எல்லாத்தையும் கொடுத்துடுங்க. இனிமே உங்க கால் கியர் மாத்தாதுன்னு டாக்டரே கைவிரிச்சுட்டார், நான் என்ன பண்ண?

வித்ததுக்குக் கோபம்னா திட்டித் தொலைங்க. விபத்துக்கப்புறம் நீங்க முகம் கொடுத்தே பேசலை. முன்னெல்லாம் வீட்டுல எவ்வளவு சண்டை போட்டாலும், ஹெல்மெட்டை மாட்டினதும் பின்னாடி இருக்கிற என்கிட்ட, ரெண்டு ஹெல்மெட்டுக்குள்ளேயும் இருக்கிற இன்டர்காம்ல வாய் ஓயாம பேசுவீங்க.

அந்த ரெண்டு ஹெல்மெட்டை மட்டும் கொடுத்துடாதீங்க.

பி.கு.: நேத்து சமையலறையில என்னோடதை மாட்டிப் பார்த்தேன். உள் ரூம்ல நீங்களும் உங்களோடதை மாட்டியிருந்தீங்க போல, நீங்க அழுறது அதுல கேட்டுச்சு. நீங்க கழட்டுற வரைக்கும் நானும் கழட்டலைங்க.