இரண்டு தரை, ஒரே பை

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ கொஞ்சம் குரலை இழுத்துப் பேசினால் போதும், நான் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவேன், அப்புறம் எதற்குச் சரி சொன்னேன் என்று அம்மா கேட்டால் எனக்கே தெரியாது. நீயும் போனில் சொன்னால் அழுதுவிடுவோம் என்றுதான் கடிதமாக எழுதினாய் என்று அம்மா சொல்கிறாள். ஆகையால் எழுத்துக்கு எழுத்து, கணக்கு சரியாகப் போய்விட்டது.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றே வேலை என்பதால் முதலாளி ஓர் உயரமான நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார், இவள் அதில் குடையை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறாள். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, நான் கை வைத்தேன், இப்போது ஒழுகுகிறது. ஆஸ்பத்திரி லிஃப்ட் எல்லாவற்றையும் ஓட வைக்கிறவனுக்கு ஒரு குழாய் அடங்க மாட்டேன் என்கிறது, அம்மா பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குத் தெரியாமல் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். வேலையிடத்தில் புதிதாக ஒன்றும் இல்லை, லிஃப்ட் மேலே போகிறது, கீழே வருகிறது, நடுவில் நின்றால் என்னைத் திட்டுகிறார்கள். எங்கள் மேலாளர் உன் படிப்பைப் பற்றி விசாரித்தார். வரலாறும் தொல்லியலும் சேர்த்துப் படிக்கிறாள் சார், மண்ணை எல்லாம் தோண்டிப் பார்ப்பாள் என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாள் வந்து, “எங்க வீட்டு எலுமிச்சை ஏன் காய்க்கலைன்னு பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுப்பா” என்றார். அது செத்து ஐந்நூறு வருஷம் ஆகட்டும் சார், அப்புறம் வந்து பார்ப்பாள் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நான்தான் மோட்டார் அறைக்குப் போய்த் தனியாகச் சிரித்தேன்.

இனி உன் கடிதம். அதை நான்தான் முதலில் பிரித்தேன். நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. இரண்டு பாடமும் சேர்த்துப் படிப்பது ஒத்துவரவில்லை, தொல்லியலை விட்டுவிட்டு வரலாறு மட்டும் படிக்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள் துறையில் சொல்ல வேண்டும், அப்பா சரி என்றால் சொல்லிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். காரணமும் இருந்தது. பயிற்சி அகழாய்வில் உன் குழிக்குள் ஒரு பழைய களிமண் தரை வந்திருக்கிறது, ஒரு விரல் கனம்கூட இல்லை, அது தரை என்று தெரியாமல் நீ கொத்திக்கொண்டே கீழே போய்விட்டாய். உங்கள் தொல்லியல் மேடம் வந்து குழியின் பக்கச் சுவரில் அந்தத் தரையின் கோட்டைப் பார்த்திருக்கிறார், திட்டவில்லை, அப்படியே விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். ஆவணத்தைத் தப்பாகப் படித்தால் திரும்பப் படிக்கலாம், மண்ணைத் தோண்டினால் தோண்டியதுதான், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம் அப்பா என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உடனே உட்கார்ந்து, சரிம்மா, உன் மனசுக்குப் பிடித்ததைப் படி என்று ஒரு தாளில் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டியும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்து உன் மாமா வந்தார். அக்கா வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. விஷயத்தைச் சொன்னேன். “அப்பவே சொன்னேனே மச்சான், ஒரு டிகிரிக்கு ரெண்டு தலைவலி எதுக்குன்னு. ஒண்ணு இப்ப கொறைஞ்சிருச்சு. இன்னொண்ணையும் விட்டுட்டு வந்தா என் ஆபீஸ்லயே உக்கார வெச்சிக்கிறேன், ஏசி இருக்கு” என்றார். நானும் ஏசியைப் பற்றி யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், உன் கழுத்து கறுத்துப்போன போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தக் கவலை உண்டு. அம்மா மட்டும் உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். மருந்து பாட்டிலில் கொசு அளவுக்கு எழுதியிருப்பதையும் விடாமல் படிக்கிறவள், உன் கையெழுத்தை விடுவாளா. “நாலாம் பக்கம் படிச்சீங்களா?” என்றாள். படித்தேன் என்றேன். “என்ன இருக்கு, சொல்லுங்க” என்றாள். நான் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி நின்றேன். அவளே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள்.

நீ எழுதியதை உனக்கே திரும்ப எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. தரைக்கு மேலே கிடைத்த பொருள்களும் தரைக்குக் கீழே கிடைத்தவையும் உன் ஒரே பைக்குள் விழுந்துவிட்டன. குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு பை என்பதால், அந்த இடத்தில் பையை மாற்றினாயா என்று மேடம் கேட்டபோது நீ ஆமாம் என்று தலையாட்டிவிட்டாய். பையின்மேல் தரைக்குக் கீழே என்று எழுதியும் விட்டாய். அதற்குள் ஒரு செப்புக்காசு இருக்கிறது. இவ்வளவையும் ஏதோ கைக்குட்டை தொலைந்த மாதிரி நாலு வரியில் முடித்துவிட்டு, விடுதிச் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அடுத்த பத்தியை ஆரம்பித்துவிட்டாய். உப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய் வாலு.

காசு மேலே கிடந்தால் என்ன, கீழே கிடந்தால் என்ன என்று நான் கேட்டேன். மாமாவும் அதையேதான் கேட்டார், எங்கள் இருவருக்கும் மூளை ஒரே கடையில் வாங்கியது. அம்மா எழுந்து சாப்பாட்டு மேஜை விரிப்பைத் தூக்கி அடியில் ஒரு மாத்திரை அட்டையை வைத்து மூடினாள். “இது அடியில இருந்தா, விரிப்பைப் போடுறதுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சுன்னு அர்த்தம். மேல இருந்தா யாரு வேணா எப்ப வேணா வெச்சிருக்கலாம். இப்ப புரியுதா?” என்றாள். புரிந்தது. நான் உற்சாகமாகி, ஆமாம், லிஃப்டில் ஓர் ஆள் எந்த மாடியில் ஏறினான் என்பது மாதிரி என்று ஆரம்பித்தேன். “உங்க லிஃப்டைக் கொஞ்சம் கீழேயே நிறுத்துங்க” என்றுவிட்டாள்.

அதற்கு அப்புறம்தான் அம்மா முக்கியமான இடத்துக்கு வந்தாள். உன் வரலாற்று சார் வைத்திருக்கும் பழைய ஆவணத்தில் அந்தத் தரைக்குரிய கட்டடம் இன்ன ராஜா காலத்தில் எழுந்தது என்று இருக்கிறதாம், உன் பையில் கிடைத்த காசும் அதே ராஜாவுடையதாம், சாரும் மேடமும் வகுப்பிலேயே கைகுலுக்கிக்கொண்டார்களாம், ஏடும் மண்ணும் ஒத்துப்போகிறது என்று அறிக்கையில் எழுதப் போகிறார்களாம். இதை நீயே சந்தோஷமாக எழுதுவது போல எழுதியிருந்தாய். அம்மா கடிதத்தை மடித்தாள். “ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லிட்டா அப்புறம் யாரு திரும்பிப் பாக்கப் போறா? இவ பாடத்தை விட்டு ஓடலைங்க. அந்தப் பையை விட்டு ஓடுறா” என்றாள். மாமா அதற்குமேல் ஏசியைப் பற்றிப் பேசவில்லை. நான் ஒட்டி வைத்திருந்த உறையைக் கிழித்துப் போட்டேன்.

உடனே உன்மேல் பாய்ந்துவிட்டேன் என்று நினைக்காதே. தரையைக் கொத்தியது எவ்வளவு பெரிய தப்பு என்று எனக்குத் தெரிய வேண்டாமா. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியை இரவல் வாங்கிக்கொண்டு நம் கட்டடத்துக்குப் பின்னால் போய் உன் மாதிரியே சதுரமாக ஒரு குழி வெட்டினேன், சதுரம் என்று நான்தான் சொல்கிறேன். காவலாளி வந்து, “என்ன சார் தொலைச்சீங்க?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன். “அப்ப எதைப் பொதைக்கப் போறீங்க?” என்றார். கிடைத்தவை ஒரு துணிக்கிளிப்பு, ஒரு பிளாஸ்டிக் கரண்டி, ஓர் உடைந்த ஸ்விட்ச். நீ சொல்கிற அடுக்கு, நிறமாற்றம் எல்லாம் எங்கே என்று கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன், எல்லாம் ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது. திரும்ப மூடும்போது தோண்டிய மண் பள்ளத்துக்குள் அடங்காமல் மேடாக நிற்கிறது, காவலாளி அதைத் தினமும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகையால் ஒன்று தெரிந்துகொண்டேன். நடு வெயிலில் விரல் கனமில்லாத தரையைப் பார்க்காமல் கொத்திவிடுவது யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காக நீ தலைகுனிய வேண்டாம், மேடமும் உன்னைப் போல ஒரு காலத்தில் கொத்தியிருப்பார், விளிம்பில் உட்கார்ந்தது கால் வலியாகக்கூட இருக்கலாம்.

ஆனால் தலையாட்டியது வேறு. தலையாட்டுவது நம் குடும்ப வியாதி, என்னிடமிருந்துதான் உனக்கு வந்திருக்கும், லிஃப்டில் வரும் சத்தம் இயற்கையானது என்று மேலாளர் சொன்னாலும் நான் தலையாட்டுகிறவன். என்னுடைய தலையாட்டல் அந்த அறையோடு போய்விடும். உன்னுடையது அச்சில் ஏறப் போகிறது. உங்கள் அறிக்கையைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொரு பிள்ளை பரீட்சை எழுதும். இந்தப் படிப்பில் நீ சேருவதற்கு முன்னால் அதே சாப்பாட்டு மேஜையில் மாமாவிடம் சண்டை போட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? “ஏடு எழுதினவன் பொய் சொல்லலாம் மாமா. மண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆனா அது தானா வாயைத் தொறக்காது. அதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சுக் கேக்கணும்கிறேன்” என்றாய். இப்போது மண்ணின் பெயரால் பொய் சொல்வது யார் என்று நான் எழுத மாட்டேன், நீ படித்தவள். தொல்லியலை விட்டுவிட்டு வரலாற்றுக்குப் போனால் தப்பித்துவிடலாம் என்று எண்ணாதே, நாளைக்கு அந்த வகுப்பில் அதே அறிக்கையைத்தான் உன் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன், இதில் அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு ஒன்றுதான், கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒத்துப்போனது அபூர்வம். திங்கட்கிழமை காலையில் வகுப்புக்கு முன்னால் மேடத்தின் அறைக்குப் போ. பெரிய முன்னுரை வேண்டாம், அழுகையும் வேண்டாம். மேடம், அந்தப் பையில் இரண்டு தரைப் பொருளும் கலந்திருக்கிறது, நான் பையை மாற்றவில்லை, மாற்றியதாகத் தலையாட்டினேன் என்று சொல். காசு எங்கே கிடந்தது என்று கேட்பார். உண்மையாகவே ஞாபகம் இருந்தால் சொல், இல்லையென்றால் தெரியாது என்று சொல். அவர் முகம் வாடுவதைப் பார்த்து, கீழேதான் இருந்த மாதிரி இருக்கிறது மேடம் என்று இழுக்காதே, அந்த இடத்தில்தான் நீ வழுக்குவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வெளியே வந்து வரலாற்று சாரிடமும் நீயே போய்ச் சொல், இன்னொருவர் வாயால் அவருக்குப் போக விடாதே. கைகுலுக்கிய கையை அவர்கள் இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தக் கட்டடத்துக்கு வயது தெரியாமல் போகலாம், போகட்டும், தப்பான வயதோடு இருப்பதைவிட அது மேல். மதிப்பெண்ணைக் குறைக்கலாம், குறைக்கட்டும். அடுத்த வருஷம் குழிக்குள் இறங்க விடாமல் மேலே நின்று மண்ணைச் சலிக்கச் சொல்லலாம், சலி.

அதற்கு அப்புறமும் தொல்லியல் எனக்கு வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு. சொல்லிவிட்டு விட்டால் அது உன் தீர்மானம், மாமாவிடம் நானே பேசுகிறேன், ஒரு வார்த்தை உன்னைக் கேட்க விட மாட்டேன். சொல்லாமல் விட்டால் அதற்கு வேறு பெயர். நீ சொல்கிற வரைக்கும் உன் கேள்விக்கு என்னிடமிருந்து சரி வராது, போனில் எவ்வளவு இழுத்துப் பேசினாலும் வராது, போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பாடமும் உனக்கு முடியும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். முடியாதவளாக இருந்தால் அந்த நாலு வரியை எங்களுக்கு எழுதியே இருக்க மாட்டாய்.

திங்கட்கிழமை அந்த அறையிலிருந்து நீ வெளியே வந்ததும் எங்கேயாவது உட்கார்ந்து தண்ணீர் குடி, உடனே அம்மாவுக்குப் போன் செய், எனக்குச் செய்யாதே, என் போன்தான் அம்மாவிடம் இருக்கிறதே, நான் மோட்டார் அறையில் இருப்பேன், அம்மா ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள். கதவைத் தட்டுவதற்கு முன்னால் நின்று யோசிக்க ஆரம்பிக்காதே, போனவுடன் தட்டிவிடு. நீ எல்லா நலமும் பெற்று, கண்ணும் கையும் தெளிவாக, நிமிர்ந்து நடக்க எங்கள் இருவருடைய ஆசிகளும் எப்போதும் உனக்கு உண்டு. தொப்பியை மறக்காதே. பையை அதைவிட மறக்காதே.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
அன்பு அப்பா
(அம்மா படித்துப் பார்த்து, பிழைகளைத் திருத்தி, ஒரு வரியையும் அடிக்காமல் கொடுத்தது)