தீர்ப்பு சொல்லாமல் விட்டது

அக்கா,

இன்று காலை எங்கள் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் காவலர் ஒருத்தி, தபாலில் வந்த பார்சலை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். குற்றவியல் நீதியில் முதுகலை, தொலைநிலைக் கல்வி. நாம் படித்த அதே படிப்பு. புத்தகம் ஒன்றை விரித்து என் பக்கம் நீட்டி, "இம்மாம் இருக்குதே மேடம், டூட்டியும் பாத்துக்கினு எப்பிடிப் படிச்சீங்க?" என்று கேட்டாள். பசையும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. போன் பேசுகிறவள்போல வெளியே போய் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நீ போன பிறகு அந்தப் புத்தகங்களை நான் திறக்கவே இல்லை.

விழுப்புரத்தில் நம் முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நினைவிருக்கிறது. கல்லூரி ஒன்றின் மாடி அறை. ஒவ்வொருவராக எழுந்து என்ன வேலை செய்கிறோம் என்று சொல்லச் சொன்னார்கள். நீ திண்டிவனம் கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் ஒருவரிடம் டைப்பிஸ்ட் என்றாய். உன் பக்கத்தில் இருந்த நான் எழுந்து, திண்டிவனத்தில் போலீஸ், ஏட்டு என்றேன். நான் உட்காரும்போது உன் கைப்பை நம் இருவருக்கும் நடுவில் வந்திருந்தது. போலீஸ் என்றால் சிலர் அப்படித்தான், நான் ஒன்றும் நினைக்கவில்லை.

எனக்கு அந்தப் படிப்பு பதவி உயர்வுக்கு உதவும் என்ற எண்ணம், அவ்வளவுதான். நீ அப்படிப் படிக்கவில்லை. பாடம் நடத்துகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். பல வாரம் வாயைத் திறக்காத நீ, ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றாய்.

அன்றைக்குப் பாடம் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு பற்றி. ஆசிரியர் நல்ல மனிதர்தான். சோர்ந்திருந்த வகுப்பைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, "சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலைன்னா இன்னான்னு நெனைக்கிறீங்க? செஞ்சிருப்பான், மாட்டல. அவ்ளோதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், செய்யாதவங்களுக்கும் அப்பிடித்தானே எழுதுறாங்க?" என்று நீ கேட்டாய்.

"எழுதலாம்மா. ரெண்டும் ஒரே வரிதான்."

"அப்போ செய்யாதவங்க இன்னா பண்றது சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பாடத்தில் பதில் இல்லை என்றார். நீ உட்கார்ந்தாய். நடுவில் இருந்த உன் கைப்பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு உன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நீயாகவே சொன்னாய். விக்கிரவாண்டி தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, பிறகு தணிந்த குரலில் ஆரம்பித்தாய். "எங்க வூட்டுக்காரு பூச்சி மருந்துல செத்துட்டாரு மேடம். கேப்பைக் கூழுல நான் கலந்து குடுத்தேன்னு கேஸு." ஜெயிலில் இருந்தது, ஜாமீனில் வந்தது, வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்தது, கடைசியில் விடுதலையானது எல்லாவற்றையும் யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாய். மகளைப் பற்றிச் சொல்ல வந்தபோதுதான் குரல் உடைந்தது.

நீ கைதானபோது அவள் கைக்குழந்தையாம். முகையூர் பக்கத்தில் உன் மாமனார் வீட்டில் வளர்ந்தாள். நீ விடுதலையாகிப் போய்க் கேட்டபோது வாசற்படி ஏறவிடவில்லை. அவள் பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து வாசலில் காத்திருந்து பார்த்தாய். அவள் உன்னைக் கண்டு ஓடவில்லை. நின்று நிதானமாகக் கேட்டாள்: "சித்தப்பா தீர்ப்பக் காட்டுனாரு. சந்தேகத்தின் பலன்னுதான் போட்டிருக்குது. நீ செய்யலன்னு எங்க போட்டிருக்குது?"

"அந்தப் புள்ளைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியல மேடம். அதுக்குத்தான் படிக்கிறேன்" என்றாய்.

கேஸ் கட்டுகளுக்கு நடுவில் இத்தனை வருஷம் இருந்தவள் நான். ஒரு பெண் இதற்காகப் படிக்க வருவாள் என்று நினைத்ததே இல்லை. இறங்கும்போது, "என்னை மேடம்னு கூப்பிடாத அக்கா" என்றேன். "பழகிப்போச்சி மேடம்" என்றாய். அன்றுதான் நீ சிரித்து முதலில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாம் சேர்ந்துதான் படித்தோம். எனக்கு ஓய்வு நாள் என்றால், நீ தங்கியிருந்த உன் அண்ணன் வீட்டு மாடிக்கு வந்துவிடுவேன். சட்டத்தின் சொற்கள் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தினமும் டைப் அடிக்கிறாயே. ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கடைசி வருஷத்து ஆய்வறிக்கைக்கு நீ எடுத்துக்கொண்டதும் விடுதலையானவர்களைப் பற்றித்தான். கண்டமங்கலத்துக்கும் வல்லத்துக்கும் பஸ் ஏறிப் போய் ஆட்களைத் தேடினாய். விடுதலையாகியும் பெண்ணுக்கு வரன் அமையாத ஒருவர். சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வராத ஒருவர். உன்னிடம் மட்டும் அவர்கள் பேசினார்கள்.

அந்த அலைச்சலில்தான் வயிற்று வலியை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோடாவும் மாத்திரையுமாகச் சமாளித்தாய். கடைசித் தேர்வுக்கு வயிற்றைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். "ஆஸ்பத்திரிக்கு ஜல்தியா போலாம் அக்கா" என்றதற்கு, "எழுதிட்டு வர்றேன் மேடம்" என்றாய். எழுதிவிட்டுத்தான் வந்தாய். பாண்டிச்சேரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, உன் அண்ணனையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். கர்ப்பப்பையில் தொடங்கிய புற்றுநோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. வெளியே வந்த எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பசிக்குது, எதுனா வாங்கிக் குடுங்க" என்றாய்.

படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கேட்டேன், "நான் முகையூருக்குப் போய்ப் பாப்பாவக் கூட்டிக்கினு வரட்டுமாக்கா?"

நீ தலையசைத்தாய். "வேணாம். நீ போயி கூட்டியாந்தா போலீஸு கூட்டியாந்ததா ஆயிடும். அது தானா வரணும்."

அவள் தானாகத்தான் வந்தாள் அக்கா. ஆனால் நீ கண்ணை மூடிய மறுநாள்.

உன் அண்ணன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தெருமுனையில் ஒரு பெண் கல்லூரிப் பையோடு வெகுநேரம் நின்றிருந்தாள். உன் நெற்றி, உன் நடை. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எழுந்து போனேன். சாதாரணப் புடவையில்தான் இருந்தேன், ஆனாலும் யாரோ சொல்லி என்னை அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க எங்கம்மாகூட படிச்ச போலீஸுங்களா?"

"ஆமாம்மா."

அவள் பந்தலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேஸெல்லாம் தெரியுமே. எங்கம்மா செஞ்சாங்களா?"

அந்தக் கேள்விக்கு இந்த உத்தியோகம் எனக்குப் பழக்கியிருந்த பதில்கள் எத்தனையோ. தீர்ப்பில் இப்படி இருக்கிறது, சாட்சிகள் அப்படிச் சொன்னார்கள், மருத்துவ அறிக்கை இப்படிச் சொல்கிறது. அவற்றையெல்லாம் அவள் ஏற்கெனவே படித்துவிட்டுத்தான் நின்றாள்.

"செய்யல" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கூட இருந்தேன்மா. உங்கம்மாவ எனக்குத் தெரியும்."

அவள் அழவில்லை. பையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். உன் தலைமாட்டில் உட்கார்ந்து, கன்னத்தில் ஒட்டியிருந்த ரோஜா இதழை எடுத்துப் போட்டாள். அங்கேயே இருந்தாள், உன்னைத் தூக்கும்வரை. அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நான் பந்தற்காலில் சாய்ந்து நின்றேன். ஒரு வாரம் முன்னால் அவள் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். இன்றும் அதைத்தான் நினைக்கிறேன்.

நீ தேறிவிட்டாய், அக்கா. முடிவு வந்தபோது உன் எண்ணைப் போட்டுப் பார்த்தது நான்தான். முதல் வகுப்பு. அதைச் சொல்ல அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "சரிங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று தெருமுனையில் சொன்ன அந்த ஒரு சொல்லைப் பிறகு எத்தனையோ முறை எனக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸிலும் மாடியிலும் ஆஸ்பத்திரியிலும் எவ்வளவோ பேசினாய். 'நான் செய்யல' என்று மட்டும் ஒருநாளும் என்னிடம் நீ சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் வேலையில் கையெழுத்துப் போட்ட எந்தக் காகிதத்திலும் சாட்சி இல்லாமல் ஒரு வரி எழுதியவள் இல்லை நான். உனக்காகச் சொன்ன அந்தச் சொல்லுக்கு என்னிடம் சாட்சி எதுவும் இல்லை. யார் வந்து எந்தக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.