கொதிக்காமல் ஏற வேண்டும்

ஆகஸ்ட் 2, சனி

கொதித்துவிட்டது. குளிர்காலம் முழுக்க நானே பிரித்து நானே பூட்டிய பழைய பென்ஸ் எஞ்சின், முதல் நீண்ட ஓட்டத்திலேயே மானத்தை வாங்கிவிட்டது. பள்ளத்தாக்கிலுள்ள ஷூனாவுக்கு இறங்கும்போது ராஜநடை. திரும்பி எங்கள் ஸல்த் நோக்கி மலை ஏறத் தொடங்கியதும் சூட்டு முள் எழுந்தது, இறங்கவே இல்லை. பாதி ஏற்றத்தில் ஓரங்கட்டினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் அத்தனையும் சாலையில் ஓடியது.

நான்கு வண்டிகள் நின்றன. நான்கிலும் ஆண்கள். உதவி வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நேராக பானட்டுக்குள் தலையை விட்டுக் காரணம் சொன்னார்கள். ஒருவர் பம்ப் என்றார், ஒருவர் பெல்ட் என்றார். "பொம்பள பூட்டுன எஞ்சினா?" என்று இன்னொருவர் கேட்டுவிட்டு, பதில் வருமுன் தானே தலையாட்டிக்கொண்டார்.

அண்ணன் நவ்வாஃப் போனில்: "இன்னும் மூணு வாரத்துல என் மகன் கல்யாணம். அதே ஏத்தத்துலதான் பொண்ண ஷூனாவுலேர்ந்து கூட்டிட்டு வரணும். நான் வெள்ளைக் கார் ஒண்ணு வாடகைக்குச் சொல்லிடறேன். நீ பஸ்ல இனிப்புத் தட்டுகளோட வந்துடு."

தட்டுகளோடு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எண்ணெய் சுத்தமாக இருக்கிறது, தண்ணீர் கலந்தால் வரும் பால் நிறம் இல்லை. ஹெட் காஸ்கெட் பிழைத்தது. நான்தான் இதே நினைப்பில், வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இரண்டு ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்ல வேளை, அனுப்பும் முன் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தான். அண்ணன் மகன் முதர், ரனீமைக் கட்டப்போகிறவன்.

"அத்தை, ரனீம் உங்க பென்ஸுலதான் வருவாளாம். அவங்கம்மாதான் பயப்படறாங்க. அவங்க மூத்த பொண்ணு கல்யாணத்துல பொண்ணு வண்டி ஏத்தத்துல நின்னுபோச்சாம். மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினாராம். ஊர்ல இன்னும் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

அந்த அம்மாள் பயப்படுவது நியாயம்தான். எனக்கு என்ன வேண்டும்? ஒளிக்காமல் எழுதுகிறேன். மணப்பெண்ணைக் கூட்டிவரும் ஊர்வலத்தில், முதல் வண்டியில், ஸ்டியரிங் பிடித்து உட்கார வேண்டும். இந்தக் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்துவிட்டது. கல்யாணமாகாத அத்தைக்கு எப்போதும் கடைசி பஸ்தான். எனக்கு அந்த முன் சீட் வேண்டும். அவ்வளவுதான்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பம்ப்பும் பெல்ட்டும் மாற்றினேன். உள்ளே காற்று அடைத்திருக்குமோ என்று, தெருச் சரிவில் வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்து, குமிழி அடங்கும்வரை கூலண்ட் ஊற்றினேன். கீழ்வீட்டு ஒர்க்‌ஷாப் அபூ ஹிலால் தேநீரும் கையுமாக வந்து நின்றார்.

"தெர்மோஸ்டாட்டத் தூக்கிப் போட்டுட்டேல்ல தங்கச்சி?"

"பூட்டவே இல்ல. நீங்க சொன்னபடிதான்."

"அப்பச் சரி. எஞ்சின் சூடேறுறவரைக்கும் தண்ணிய அடைச்சு வைக்கிறதெல்லாம் பனி கொட்டுற நாட்டுக்கு. ஷூனா வெயிலுக்கு எதுக்கு?"

ஆகஸ்ட் 8, வெள்ளி

மறுபடியும். அதே வளைவு. அழுதுவிட்டேன். என்னதான்டி வேணும் உனக்கு? புது பம்ப், புது பெல்ட், கழுவின ரேடியேட்டர் — இன்னும் நான் என்ன செய்யணும்?

அழுது முடித்து, பானட்டைத் திறந்து, சும்மா ரேடியேட்டரின் அடியில் கை வைத்தேன். சுடவில்லை. முள் சிவப்பில் நிற்கிறது, இதுவோ குழந்தைக்குக் குளிக்க ஊற்றலாம் போல வெதுவெதுப்பாக இருக்கிறது. எஞ்சின் கொதிக்க, ரேடியேட்டர் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும்? தண்ணீர் இங்கே வரவே இல்லையா?

ஆகஸ்ட் 9, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

பழைய தெர்மோஸ்டாட்டை டப்பாவிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இன்னொரு சின்னத் தட்டம். பல தடவை பார்த்ததுதான், எதற்கு என்று கேட்டதில்லை. சூடேறியதும் மேல் தட்டம் ரேடியேட்டருக்கு வழியைத் திறக்கும். அதே நேரம் அடித் தட்டம், தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பிப் போகும் குறுக்கு வழியை அடைக்கும். நான் பூட்டாததால் குறுக்கு வழி திறந்தே கிடக்கிறது. பக்கத்திலேயே வழி இருக்கும்போது தண்ணீர் ஏன் ரேடியேட்டர்வரை அலையப் போகிறது?

இந்த ஊரில் எஞ்சினில் கை வைப்பவர்கள் முதலில் தூக்கி எறிவது இதைத்தான். சில வண்டிகள் பொறுத்துக்கொள்ளும். என் மகாராணிக்கு ஆகாது.

புதியது வாங்கிப் பூட்டினேன். "சூட்டக் குறைக்க அடைப்பு வைக்கிறியா? நல்லா இருக்கே கதை!" என்று அபூ ஹிலால் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

நிற்காமல் ஏறினோம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல், அசையாத முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"முள்ளு உடைஞ்சுபோச்சா என்ன?"

"வேலை செய்யுது அண்ணே."

வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னார். "வெள்ளைக் கார வேணாம்னு சொல்லிடறேன். ஆனா நடுவழியில நின்னுச்சோ..."

"நின்னா நானே தள்றேன்."

ஆகஸ்ட் 23, சனி

நேற்று கல்யாணம். உடம்பெல்லாம் வலி, எழுதாமல் தூங்க மனமில்லை.

ஷூனாவிலிருந்து முதல் வண்டியாகக் கிளம்பினேன். பின்சீட்டில் ரனீமும் முதரும். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஊரே வந்தது. முதல் சில வளைவுகளைத் தாண்டிவிட்டோம், முள் அசையவில்லை. ஷூனா கடலுக்கும் கீழே கிடக்கும் ஊர்; ஏற்றத்தில் கடல்மட்டம் என்று எழுதிய பலகை வந்ததும் முதரின் நண்பர்கள் வண்டியைக் குறுக்கே போட்டு, இறங்கி, நடுச்சாலையில் ஆட ஆரம்பித்தார்கள். அனல் வெயில். நின்ற வண்டிக்குக் காற்று ஏது? புதிதாய்ப் பூட்டிய எஞ்சினின் இறுக்கம் வேறு. முள் நகர்ந்தது. அணைத்தால் உள்ளே நிற்கும் தண்ணீர் அந்தக் கணமே பொங்கும்.

ஒரே வழிதான் இருந்தது. "மன்னிச்சுக்கோம்மா," என்று சொல்லிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருகினேன். எஞ்சினிலிருந்து இறங்கும் சூடு அத்தனையும் மணப்பெண் மேல்.

"அத்தை, அடுப்பு மாதிரி வருது!"

"வண்டி நின்னுடக் கூடாதுன்னுதாம்மா."

ரனீம் ஒரு நொடி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிறகு முக்காட்டைக் கழற்றி முதர் மடியில் போட்டாள். ஜன்னலுக்கு வெளியே இடுப்புவரை உடம்பை நீட்டிக் கத்தினாள்: "டேய், ஆடுனது போதும்! எல்லாரும் வண்டியில ஏறுங்கடா!"

மணப்பெண் கத்தி யார் கேட்டிருக்கிறார்கள்? ஓடி ஏறினார்கள். வண்டி நகர்ந்தது, காற்று வந்தது, சிவப்பைத் தொடப்போன முள் மெல்லத் திரும்பியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பின்னால் அவளும்.

வாசலில் குலவை. பவுடர் கரைந்து கழுத்தில் கோடாக ஓடிய மருமகளைப் பார்த்து அண்ணி பதறிப்போனாள். "முகத்துக்கு என்னம்மா ஆச்சு?"

"நானும் சுஹைலா அத்தையும் மலை ஏறினோம்," என்றாள் ரனீம்.

செப்டம்பர் 6, சனி

அஜ்லூனிலிருந்து அண்ணியின் தங்கை போன் செய்தாள். அக்டோபரில் மகன் கல்யாணம்.

"பொண்ண நீங்கதான் கூட்டிட்டு வரணும் சுஹைலா அக்கா."

"வண்டியத் தயார் பண்ணி வைக்கிறேன்."

"வண்டி எங்ககிட்டயே புதுசு இருக்கே. ஓட்ட நீங்க வந்தா போதும்."

ஆய்வகத்தில் இப்போதே லீவு சொல்லி வைக்க வேண்டும்.