சக்கரம் மாட்டாத டிப்பர்

என் அன்பு அப்பா,

நலம், நலமறிய ஆவல் என்று கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார் எங்கள் தமிழ் டீச்சர். நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் முடியாது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அத்தை கீழே தூங்குகிறாள். நான் மேல்தட்டில் போர்வைக்குள் மொபைல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இரண்டு செய்திகள். அம்மாவுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, நாளைக் காலையில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது, நம் லாரி வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லாரி வந்ததால்தான் காய்ச்சல் வந்தது என்கிறாள் அத்தை.

முதலில் லாரி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு நாள் அன்வர் மாமா நம் சந்து முனையில் நின்றிருந்தார். அம்மா பை தைக்கும் பட்டறை அவருடையதுதான். ஆனாலும் அவரைப் பார்த்தால் எனக்குப் பட்டறை ஞாபகம் வராது. வாஷியில் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்களோடு குந்தி உட்கார்ந்திருப்பாரே, அதுதான் ஞாபகம் வரும். நம்மிடம் வண்டி கிடையாது. அவருடைய ரிமோட் டிரெய்லர் லாரியைத்தான் நீங்களும் நானும் முறை வைத்து ஓட்டுவோம். வண்டி வாங்குவதற்காக நீங்கள் அவரிடம் கொடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கிறது என்றார். எந்த வண்டி என்று முடிவு செய்ய வேண்டியது நான்தான் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். என்னிடம் அப்படிச் சொல்லவில்லையே அப்பா. என்னிடம் கடைசி வரை சண்டைதானே போட்டீர்கள்?

உங்களுக்கு மூக்கு நீண்ட அமெரிக்க வண்டி வேண்டும். எனக்கு நம் ஊர் ரோட்டில் போவது மாதிரி முகம் தட்டையான டிப்பர் வேண்டும். மூக்கில்லாதது ஒரு வண்டியா என்பீர்கள். நான் மூக்கில்லாததைத்தான் வாங்கினேன். காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளின் அளவுக்கும் அட்டை வெட்டினேன். இரண்டையும் நம் சந்தில் தரையில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். உங்கள் வண்டி டிரெய்லரோடு சேர்ந்தால் தண்ணீர் டிரம் பக்கம் திரும்பவே முடியவில்லை, சாக்கடை மூடிமேல் ஏறிவிடுகிறது. டிப்பர் ஒரே மூச்சில் திரும்பிவிட்டது. அட்டையைத் தள்ளிக்கொண்டு போன என்னைப் பார்த்துத் தெருவில் எல்லாரும் சிரித்தார்கள். அன்வர் மாமா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் தள்ளிக் காட்டச் சொன்னார்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம், "லட்கா கித்னா படா ஹை?" என்று, பையன் எவ்வளவு பெரியவன் என்று கேட்டார். பையன் இல்லை, ஓட்டப்போவது இந்தப் பெண்தான் என்றார் மாமா. உடனே கடைக்காரர் பெரிய டயர் வைத்த ஒரு சிவப்பு வண்டியை எடுத்து வைத்தார். ரெடிமேட், பெட்டியைப் பிரித்தால் ஓட்டலாம், கட்ட வேண்டிய வேலை இல்லை என்றார். அது கல்மேல் ஏறும், குதிக்கும், சுமை ஏற்றாது. சுமக்கிற வண்டிதான் நமக்கு வேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. செம்பூர் ஆபீசில் நாள் முழுக்கப் போனில் லாரி பிடித்துக் கொடுத்தவர் வேறு எதைக் கேட்பார்?

துண்டு துண்டாக வரும் டிப்பர்தான் வேண்டும் என்றேன். நிஜ வண்டியில் பதினாலில் ஒரு பங்கு அளவு, பின்னால் இரட்டை ஆக்சில். கடைக்காரர் இரண்டு சேனல் ரிமோட் ஒன்றைச் சேர்த்து வைத்தார். அது போதாது என்றேன். திருப்ப ஒன்று, ஓட்ட ஒன்று, கியர் மாற்ற ஒன்று, பின்பெட்டியைத் தூக்க ஒன்று. நாலு சேனல் வேண்டும். பெட்டியில் மோட்டார் மட்டும்தான் வரும், பேட்டரி, சார்ஜர், சக்கரத்தைத் திருப்பும் சர்வோ எல்லாம் தனி என்று நாம் பேசி வைத்திருந்ததால் ஏமாறவில்லை. பால் பேரிங்கும் அப்போதே வாங்கிவிட்டேன். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் புஷ்ஷைப் போட்டுவிட்டு, அது தேய்ந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் முழு வண்டியையும் பிரிக்க வேண்டும். இறங்கும்போது கடைக்காரர் என்னிடம் நேராகவே பேசினார். இரும்பும் இரும்பும் சேரும் திருகுக்கு மட்டும் கழலாமலிருக்கப் பசை போடு, பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும் என்றார். அதுவும் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

நீங்கள் போய் வருஷம் திரும்பவில்லை. அதுவரை வீட்டுக்குப் புதிதாக நகை வரக் கூடாது, நிலைக்கதவு வைக்கக் கூடாது, முக்கியமாக வண்டி வாங்கக் கூடாது. உங்கள் காரியம் முடிந்த மறுநாளே அத்தை எங்களை உட்கார வைத்துச் சொன்னாள். பாண்டுப்பில் யாரோ வருஷம் திரும்பும் முன் ஆட்டோ எடுத்து, அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்ததாம். அன்வர் மாமாவுக்கு இந்த வழக்கம் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். அட்டையைத் தள்ளிய அன்றைக்கு ஏன் நினைவு வரவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

இது வண்டியா, பொம்மையா? நீங்கள் பொம்மை என்று சொல்ல விடமாட்டீர்கள். சொன்னவர்களோடு சண்டைக்குப் போவீர்கள். அதுதான் என் கஷ்டம்.

நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். சக்கரம் மாட்டாத வரைக்கும் அது வண்டி ஆகாது. சேசிஸைக் கட்டினேன். கியர்பாக்ஸ் முடித்தேன், மூன்று கியரும் விழுகிறது. பட்டை ஸ்பிரிங் எட்டும் நல்ல வளைவு. கேபினுக்கு மஞ்சள் அடித்தேன், கதவு பக்கம் கொஞ்சம் வழிந்துவிட்டது. டயரையெல்லாம் ரிம்மில் ஏற்றி ஒரு பையில் கட்டி, வண்டியிலிருந்து தள்ளி, என் புத்தகங்களுக்குப் பின்னால் வைத்தேன். வருஷம் திரும்பிய மறுநாள் மாட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வாரமே அம்மா காய்ச்சலில் விழுந்தாள்.

அம்மாவைச் சேர்த்த அன்றைக்கே அத்தை பாண்டுப்பிலிருந்து வந்துவிட்டாள். சமைக்கிறாள், கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாள், என் யூனிஃபார்மைத் துவைத்துப் போடுகிறாள். இன்று காலை போர்வை எடுக்க மேலே ஏறியவள் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னட்டி இது?"

ஸ்கூல் புராஜெக்ட் என்றேன். அட்டையில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஸ்கூல்ல லாரி கட்டவா சொல்லித்தராவ? ஒங்கப்பன மாதிரியே பொய் சொல்லுத, மூஞ்சிய வேற அப்படியே வச்சிருக்க."

அதற்குப் பிறகு வேடிக்கையாகப் பேசவில்லை. எப்போது வாங்கினேன் என்று கேட்டாள், சொன்னேன். அம்மாவுக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டாள், அதையும் சொன்னேன். ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"வருசம் திரும்பாத வீட்டுல வண்டியக் கொண்டுவந்து வச்சிருக்கியேட்டி. அதான் அவ படுத்துட்டா. நாளைக்கு விடியதுக்குள்ள இது இந்த வீட்ட விட்டுப் போயிரணும்."

அத்தை கெட்டவள் இல்லை அப்பா. உங்களுக்கே தெரியும். தம்பி போன வீட்டில் இன்னொருத்தரும் போய்விடக் கூடாது என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான். அவள் சொல்லும்போது, சக்கரம் மாட்டவில்லை அத்தை என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் எவ்வளவு முட்டாள்தனமாக இருந்திருக்கும்!

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன். அம்மாவின் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்திருந்தது. நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. வருஷம் திரும்பும் முன் வண்டி வாங்கிவிட்டேன், அதனால்தான் உனக்குக் காய்ச்சல், காலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அம்மா பாட்டிலிலிருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லையோ என்று மறுபடி தொடங்கினேன்.

"சக்கரம் மாட்டிட்டியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மாட்டாவிட்டால் அது வண்டி இல்லையே என்று நினைத்தேன் என்றேன். அம்மா சிரிக்கப் போய் இருமல் வந்து, பக்கத்துக் கட்டில் அக்கா எழுந்து தண்ணீர் கொடுத்தாள். பிறகு அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்வர் பாய் மொத எங்கிட்டதாம்ட்டி கேட்டாவ. வாங்கிக் குடுங்கன்னு நாந்தான் சொன்னேன். அத்த சொன்னது எனக்கு மறந்தா போச்சு? தெரிஞ்சுதான் சொன்னேன். அப்பா போனதுலேருந்து நீ ஒரு சாமானும் வேணும்னு வாயத் தொறந்து கேக்கல. இதையாவது கேக்கட்டும்னு இருந்துச்சு."

அப்படியானால் தப்பு செய்தது நீ, அதனால்தான் காய்ச்சல் உனக்கு வந்ததா என்று எனக்கு உடனே தோன்றியது. கேட்கவில்லை. ஆனால் அம்மா என் முகத்தைப் படித்துவிட்டாள்.

"கொசு கடிச்சு வந்த காய்ச்சல் இது. ஒன் வண்டியா வந்து கடிச்சிச்சு?"

அத்தை கோபப்படுவாள், படட்டும், அவளிடம் அம்மா சொன்னாள் என்று சொல் என்றாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரும்போது அது எந்திரிச்சு நிக்கணும். காலில்லாம படுத்துக் கெடக்கப்படாது. ஒருத்தி படுத்துக் கெடக்கது போதும்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை தோசை வார்த்துக் கொடுத்தாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாயா, பாயிடம் காலையில் கொடுத்துவிடுவாய்தானே என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. அவள் நிம்மதியாகப் படுத்துவிட்டாள். அம்மா சொன்னதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால், நாளைக்கு ரிப்போர்ட் மோசமாக வந்தால், அத்தை என்னை எப்படிப் பார்ப்பாள்? நான் என்னை எப்படிப் பார்ப்பேன்?

இவ்வளவு நேரம் எழுதியதை நிறுத்திவிட்டு, டயர்ப் பையைப் பிரித்தேன். முன் சக்கரங்களை முதலில் மாட்டினேன். சத்தம் கேட்காமலிருக்க ஸ்பேனரில் துணி சுற்றிக்கொண்டேன். பின்னால் இரட்டை டயர், உள் டயரும் வெளி டயரும் ஒன்றையொன்று உரசாமல் வைக்க நேரமாகிவிட்டது. ஒவ்வொரு நட்டையும் முறுக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிடுமோ என்று மொபைலைப் பார்த்தேன். வரவில்லை. கடைசி நட்டு விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அத்தை புரண்டு படுத்தாள், அவ்வளவுதான். இறங்கி எடுத்துவந்து முறுக்கினேன்.

இப்போது நிற்கிறது அப்பா. இது வண்டிதான். இனி வேறு ஏதோ என்று நான் சாக்குச் சொல்ல முடியாது.

கேபின் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு பட்டை ஸ்பிரிங்கை மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது, பகலில் சரிசெய்துகொள்கிறேன். மூக்கு இல்லாததற்காக நீங்கள் கிண்டல் செய்வீர்கள். செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். விடிந்ததும் அத்தை டீ போடும் முன்பே இதைக் கீழே இறக்கி அவள் கண் முன்னால் வைப்பேன். அம்மாதான் இதை எழுந்து நிற்க வைக்கச் சொன்னாள், சக்கரம் மாட்டியது நான் என்று சொல்வேன். தலையாட்ட மாட்டேன், வாயைத் திறந்து சொல்வேன். அதன் பிறகு ரிப்போர்ட் வரும். பிளேட்லெட் ஏறியிருந்தாலும் சரி, இன்னும் இறங்கியிருந்தாலும் சரி, அம்மா வந்து பார்க்கும் வரைக்கும் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்ற மாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் பெண், அம்மாவின் பெண்,
மாரிச்செல்வி