ஏழு நாள் ஓடியதாக

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதனால் வாய் கூடியிருக்கிறது. கடையில் பள்ளிச் சீருடைக் கூட்டம் ஓய்ந்து, வெட்டுகிற மேசையில் துணி இல்லாத இடம் இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது. அந்த இடத்தில் தாளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் போன மாதக் கடைசியில் வந்தது. அந்த ஊர்த் தொழிற்கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்ள உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் அண்ணியைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தேன். அடுத்த வரியை மனசுக்குள்தான் வாசித்தேன். "வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன் அண்ணா, என் கைய எனக்கே நம்ப முடியல, மருந்துக் கடையில பில் போடறதே போதும்" என்று எழுதியிருந்தாய். இந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ என்ன சொல்ற என்று என்னைக் கேட்டிருந்தாய். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, என்னைப் போய்க் கேட்டாய்.

சேர்ந்துவிடு என்பதுதான் என் பதில். அதை ஒரு தந்தியில் சொல்லியிருக்கலாம். ஏன் சேர வேண்டும் என்று சொல்வதற்குத்தான் இத்தனை தாள். நடுவில் கிழித்துப் போடத் தோன்றும். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு வாய் வரும். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்களை வாங்கி, சரிசெய்து, பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கலாம் என்று நீ இரண்டு அறைப் பணிமனையைத் தொடங்கியபோது, பதிவு செய்ய இயக்குநர் குழு வேண்டும் என்றார்கள். பல் டாக்டர் தலைவரானார். வக்கீலம்மா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, காகிதக் கடைக்காரர் என்று மூன்று பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் நான். உன் அண்ணன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. மவுஸைக் கொடுத்தாலும் கத்தரிக்கோலைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறவன்.

அப்போது நீ ஒரே ஒரு விதி கேட்டாய். பணிமனையில் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு மணி நேரம்தான் ஓடவிட முடிகிறது, இடமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் ஒவ்வொரு முறை பள்ளிக்கு அனுப்புவதற்கு முன்பும், அந்தத் தொகுதியிலிருந்து ஒரு பெட்டியை இயக்குநர்களில் ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஏழு நாள், தினம் மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்துப் படிவத்தில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "நம்ம வீட்டுல ஒரு வாரம் தாங்காத பொட்டிய பிள்ளைங்க கையில குடுக்கக் கூடாது" என்றாய். எல்லாரும் கை தட்டினோம். கை தட்டுவதில் நாங்கள் குறை வைத்ததே இல்லை.

போன வருடம் அந்த இருபத்து நான்கு பெட்டிகள் வந்தபோது முறை என்னுடையது. பதினேழாம் எண் போட்ட பெட்டியை நீயே தூக்கிக்கொண்டு வந்து கடையில் வைத்துவிட்டுப் போனாய். பள்ளி திறக்கிற சமயம். மூன்று பள்ளிக்குச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டும், இரண்டு தையல்காரர்கள் வரவில்லை. பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளினேன். அதன்மேல் நீலத் துணிக் கட்டு ஏறியது. நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று வாரம் ஓடிவிட்டது. பெட்டி ஓடவில்லை.

எட்டாம் நாள் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று நீ போன் செய்தாய். நான் படிவத்தை எடுத்தேன். ஏழு வரிசையையும் ஒரே உட்காரலில் நிரப்பினேன். மாலை ஆறு முதல் ஒன்பது. ஒரு நாள் ஆறே கால் முதல் ஒன்பதே கால், இல்லாவிட்டால் நம்ப மாட்டாய் என்று. நான்கு வரிக்கு நீலப் பேனா, மூன்று வரிக்குக் கறுப்புப் பேனா. நீ ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்து, வயரைச் சுற்றியிருந்த விதத்தையும் மாற்றி வைத்தேன். இத்தனை மூளையை நல்ல காரியத்துக்குச் செலவழித்திருந்தால் கடை இன்று எங்கேயோ போயிருக்கும். நீ வந்து, "ஓடுச்சாண்ணா?" என்று கேட்டாய். "ஜோரா ஓடுச்சு" என்றேன்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். பெண்கள் பள்ளியில் செய்முறைத் தேர்வு, காலையிலிருந்து எல்லாப் பெட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று அணைந்தது, அப்புறம் பக்கத்தில் ஒன்று, அப்புறம் வரிசையாக. பதினொரு பிள்ளைகளின் வேலை அழிந்துபோய் அவர்கள் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுத வேண்டி வந்தது. அந்தப் பள்ளித் தலைமையாசிரியர் நம் பணிமனை வாசலில் நின்று பேசியது தெரு முழுக்கக் கேட்டது.

குழு கூடியபோது வக்கீலம்மா படிவத்தைக் கையில் எடுத்தார். இதோ பதினேழாம் எண், ஏழு நாள் குறையில்லாமல் ஓடியிருக்கிறது, இயக்குநர் கையெழுத்து இருக்கிறது என்றார். அப்படியானால் சோதனைக்குக் கொடுத்த பெட்டி ஒரு மாதிரி, பள்ளிக்குப் போன பெட்டிகள் வேறு மாதிரி என்றுதானே அர்த்தம் என்றார். காகிதக் கடைக்காரர் இன்னும் பச்சையாக, "காட்டறதுக்கு ஒண்ணு, குடுக்கறதுக்கு ஒண்ணா?" என்று கேட்டார். நீ அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாய். நான் படிவத்தைப் பார்த்தேன்.

அன்றைக்கு நீ என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "அண்ணன் ஓடுச்சுன்னு சொன்னா ஓடியிருக்கும். அப்ப என் கிட்டதான் எங்கயோ தப்பு நடந்திருக்கு, சரிபார்க்காத பவர் சப்ளைய நானே மாத்திப் போட்டிருப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். உன்னைப் பொறுப்பிலிருந்து நீக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். ஐந்து கை உயர்ந்தது. ஐந்தாவது கை எவ்வளவு உயரம் போனது என்று எனக்கு நினைவில்லை, போனது மட்டும் நிச்சயம். நீ ஸ்க்ரூ டிரைவர் பையைப் பணிமனையிலேயே விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் பணிமனைக்குப் போனேன். திருப்பி வந்த பெட்டிகள் மூலையில் அப்படியே அடுக்கியிருந்தன. பதினேழைத் தேடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு வருடம் தாமதமாக அந்தச் சோதனையைச் செய்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் ஓடிவிட்டுத் தானாக அணைந்தது. மறுநாளும் அதே கதை. அண்ணி ஊசியை வைத்துவிட்டு, "இத அன்னைக்கு ஒரே ஒரு நாள் போட்டிருந்தீங்கன்னா அந்தப் பொண்ணு இப்ப இங்கதான இருந்திருப்பா" என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது எங்கள் கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை.

மீதியையும் பணிமனையில் இப்போது வேலை பார்க்கும் பெண்ணிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். இருபத்து நான்கிலும் ஒரே கம்பெனி பவர் சப்ளை, பழைய அலுவலகத்திலிருந்து வந்தபடியே இருக்கிறது. சூடானால் நின்றுவிடும் கோளாறு, ஒரு மணி நேரச் சோதனையில் தெரியவே தெரியாது என்றாள். நீ எதையும் மாற்றவில்லை. உன் கையால் எந்தத் தப்பும் நடக்கவில்லை. இந்தக் கோளாறைப் பிடிப்பதற்கென்றே நீ ஒரு விதி போட்டு வைத்திருந்தாய், அதை மேசைக்கு அடியில் தள்ளியவன் நான்.

நேற்று குழுவைக் கூட்டச் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். யாருமே கேட்காததை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்றுதான் வக்கீலம்மா முதலில் கேட்டார். அப்புறம் அவரே தலையைக் குனிந்துகொண்டு, தானும் இரண்டு முறை பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். காகிதக் கடைக்காரர், "நான் என்ன, நாலு தடவ" என்றார். தலைமையாசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் காப்பியடித்தால் முட்டி போட வைத்தவர் அவர், பாவம். ஐந்து பேரில் ஒழுங்காக ஏழு நாளும் ஓட்டியது பல் டாக்டர் மட்டும்தான், அதுவும் அவர் பிள்ளைகள் விளையாடுவதற்காக. மற்றவர்கள் போட்ட பொய்க் கையெழுத்தெல்லாம் உன் வேலையின் நல்ல தரத்தால் தப்பித்திருக்கிறது, சின்னவளே. ஆனால் இதைச் சொல்லி என் பாரத்தை ஐந்தாகப் பங்கு போட வரவில்லை. அவர்கள் உன் கூடப்பிறந்தவர்கள் அல்ல. "ஓடுச்சாண்ணா" என்று நீ அவர்களைக் கேட்கவும் இல்லை.

பழைய தீர்மானத்தை ரத்து செய்து, காரணத்தையும் என் பெயரோடு எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். நகல் இதற்குள் இருக்கிறது. பெண்கள் பள்ளிக்கும் ஒன்று போகிறது, நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். நீ அந்தக் கல்லூரியில் கேட்டால் காட்டலாம், கேட்காவிட்டாலும் காட்டலாம். நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். உன்னைத் திரும்ப வரும்படி டாக்டர் தனியாக எழுதுவார். வருவதும் வராததும் உன் இஷ்டம். வந்தாலும் என்னை அங்கே பார்க்க வேண்டியிருக்காது.

இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் வாரம் பயம். இரண்டாவது வாரம் வெட்கம். அதற்கப்புறம் நீ வாரா வாரம் போனில் "சாப்டியாண்ணா, மருந்து எடுத்துக்கிட்டியா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாய். அந்தக் குரலை இழந்துவிடுவேனே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருக்கச் சொல்லாமல் இருக்க, நீ அந்த ஊரில் யாரோ தலைவலி மாத்திரை வாங்க, அதற்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாய். என்னை மன்னிக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அண்ணி உன் ஸ்க்ரூ டிரைவர் பையைத் துடைத்து, பார்சலில் அனுப்பியிருக்கிறாள். நல்லபடியாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்ட காரியமெல்லாம் துலங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு எனக்குப் பதில் எழுத உட்காராதே. முதலில் அந்தக் கல்லூரிக்கு எழுது, வருகிறேன் என்று எழுது. எனக்கு என்ன எழுதுவது என்று யோசிக்க ஆரம்பித்தால் உனக்கு நாளாகிவிடும், மாதம் முடிந்துவிடும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். நான் எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்