பினாயில் வாசமடிக்கும் வயலின்

அக்கா,

உங்கள் மகன் கொடுத்துவிட்டுப் போன வயலின் பெட்டியை இன்று காலையில்தான் திறந்தேன். வில்லுக்குப் பூசும் ரோசின் வாசம் வந்தது. அதற்கு அடியில், இன்னும் போகாமல், ஆஸ்பத்திரி பினாயில். மூட மனம் வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் தேனி அரசு ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். யாரும் தேடி வராத கிழவிகளைக் குளிப்பாட்டி, புண்ணுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு ஆலயத்துக்கு ஓடி வருவீர்கள். நீங்கள் வில்லை எடுத்தால்தான் எங்கள் பாடகர் குழுவுக்குத் தொண்டையே திறக்கும். ஆனால் சிலருக்குப் பாட்டு மட்டும் வேண்டும், வாசம் ஆகாது. நம் பொருளாளர், ஏலக்காய் வியாபாரி, உங்களைக் கண்டதும் மூக்கைத் துடைப்பதுபோல் கைக்குட்டையால் பொத்திக்கொள்வார். திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் திராட்சை ரசம் பருக வேண்டுமே! நீங்கள் வரிசையில் நின்றால், "கடையில லோடு நிக்கிது" என்று உங்களுக்கு முன்னால் நுழைந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை என்ன லோடோ! அவரைப் பார்த்து மற்றவர்களும் நுழைந்தார்கள். கடைசியில் நீங்களே பின்னால் போய் நின்றுகொண்டீர்கள்.

"விடுடி. கடைசியா நின்னா மிச்சம் பூராம் நமக்குத்தேன். ரெண்டு மடக்கு கெடைக்கும்" என்று என் காதில் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

போன ஞாயிறு ஆலயத்தில் உங்கள் படத்தைத் திறந்தார்கள். திறந்துவைத்தவர் அதே பொருளாளர். "அவுக கை மனுசக் கையா? எத்தன அநாதைகளத் தொட்டுத் தூக்குனாக!" என்று தழுதழுத்தார். கண்ணைத் துடைத்தது அதே கைக்குட்டை அக்கா.

அன்று திருவிருந்தும் இருந்தது. மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் ஞானம்மா உங்கள் படத்தைப் பார்க்கக் கம்பூன்றி வந்திருந்தாள். கடைசியாக நீங்கள் கட்டுப் போட்டது அவள் காலுக்குத்தான். புண் இன்னும் ஆறவில்லை, வாடை அடித்தது உண்மை. அவள் வரிசையில் நின்றதும் பொருளாளர், "லோடு நிக்கிது" என்று முன்னால் நழுவினார். பின்னோடு நாலைந்து பேர். உங்கள் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடக்கூட இல்லை. த்தூ!

ஞானம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "நான் வெளிய நின்னுக்கிர்றேன் தாயி, அவுக குடிக்கட்டும்" என்று வாசல் பக்கம் திரும்பினாள். அன்று போயிருந்தால் அவள் மறுபடி அந்தப் படியேறியிருக்க மாட்டாள்.

கையைப் பிடித்து நிறுத்தினேன். "நில்லாத்தா. ஒனக்குப் பின்னால நான் நிக்கிறேன்."

அவள் பருகினாள். அவள் வாய் வைத்த பாத்திரத்தைப் போதகர் ஐயர் என்னிடம் நீட்டினார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

உங்கள் வயலினை வாசிக்க எனக்கு வராது. அந்தக் கடைசி இடத்தை மட்டும் இனி யாருக்கும் விடுவதாக இல்லை. நீங்கள் சொன்னது சரிதான் அக்கா, இரண்டு மடக்கு கிடைத்தது.