தலைப்பு போடாத லோரன்ஸ்

2025 பெப்ரவரி 10, திங்கள்

ஹட்டன் ஆபீசில் மறுபடியும் தலைப்பே இல்லாத லாட்டரி மோசடி மெயில்கள். மேனேஜர் துரை என்னைத்தான் பிடித்துக் கத்தினார். கம்ப்யூட்டர் எல்லாம் என் பொறுப்பாம். சேர்வரில் ஒரு விதி போட்டுவிட்டேன்: தலைப்பு இல்லாத மெயில் உள்ளே வரக்கூடாது, வாசலோடு திரும்பிவிட வேண்டும். இனி நிம்மதி. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

மஸ்கெலியா தோட்டத்துக்குப் போனேன். கேத்ரின் அம்மா லயத்து வரிசை வீட்டு வாசலிலேயே நின்றார். "லோரன்ஸ் எழுதுனானாப்பா?"

அவர் மகன் லோரன்ஸ், என் சிநேகிதன், கப்பலில் வேலை. அங்கே போன் கிடையாது, மெயில்தான். என் ஆபீஸ் முகவரிக்கு எழுதுவான். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து வாசித்துக் காட்டுவேன். ஐந்து வாரமாக ஒன்றும் இல்லை. இரண்டு தடவை எழுதிக் கேட்டுவிட்டேன். கோபமா அவனுக்கு? என்மேலா?

மார்ச் 19

சின்ன வயதில் நானும் அவனும் தபால் பை தூக்கி வரும் மூக்கன் மாமா பின்னால் ஓடுவோம். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது, நாங்கள்தான் சொல்வோம். ஒரு கவரில் 'மேட்டு லயம், அப்பாவுக்கு' - அவ்வளவுதான். மாமா லயத்தில் ஒவ்வொரு காம்பராக் கதவாகத் தட்டினார். பதினோராவது கதவில் ஒரு அப்பா கவரை வாங்கிக்கொண்டு அழுதார். ஒரு கடிதத்தைக்கூட மாமா திருப்பி அனுப்பியதில்லை. அந்த நாட்களை மனம் இன்று ரொம்பத் தேடுகிறது.

ஏப்ரல் 29

தேயிலை வாங்குகிறவர் ஒருவர் போனில் சத்தம் போட்டார். அவர் மெயில் திரும்பித் திரும்பி வருகிறதாம். சேர்வர் பதிவைத் திறந்து பார்த்தேன்.

லோரன்ஸ். ஒன்பது தடவை. நிராகரிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது...

பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கே தலைப்பு போடாமல் அடி வாங்கியவன். இது எனக்குத் தெரியாதா? அவன் எழுதியது ஒன்றும் மிச்சமில்லை, முகவரியும் தேதியும் மட்டும். நான் என்னடா பண்ணிட்டேன்.

விதியை எடுத்துவிட்டேன். அவனுக்கு எழுதினேன்.

மே 2

பதில் வந்தது. தலைப்பு இல்லை.

"ஏப்ரல் 12 கப்பல் கொழும்புக்கு வருது, அம்மாவக் கூட்டிட்டு வாடான்னு மூணு தடவ எழுதுனேன். எல்லாம் திரும்பி வந்துச்சு. ஒண்ணாவது கெடச்சிருக்கும்னு துறைமுக வாசல்ல ஆறு மணி நேரம் நின்னேன்."

மே 4, ஞாயிறு

துறைமுக வாசலில் நின்ற அந்த வரியை விட்டுவிட்டு வாசிக்கலாம். அம்மாவுக்குத் தெரியவா போகிறது?

வாசித்துவிட்டேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்.

"அன்னைக்குக் கொழும்புல மழையாப்பா?"

ஆகஸ்ட் 9, சனி

கொழும்பு, துறைமுக வாசல். கப்பல் மறுபடியும் வந்திருக்கிறது, லோரன்ஸ் பதினொரு மணிக்குத்தான் வெளியே வருவான். நாங்கள் ஏழுக்கே வந்துவிட்டோம். இப்போது ஒன்பது, வெயில் சுடுகிறது. கேத்ரின் அம்மா கையில் புதுக் குடை. எவ்வளவு சொல்லியும் விரிக்க மாட்டேன் என்கிறார். அது லோரன்ஸுக்காம்.